கூரைமேல் மின்நிலையம்: கடனும் காப்பீடும் இடிமின்னலும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் நெய்யாற்றின்கரை வட்டம் அமைந்துள்ளது. பாறசாலையிலிருந்து இஞ்சிவிளையைக் கடந்ததும் நெடுஞ்சாலை களியக்காவிளையில் தமிழ்நாட்டிற்குள் நுழைந்துவிடுகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலச் சீரமைப்பு நிகழ்ந்தபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கோடு பிரிந்ததேயன்றிக் குடும்பங்கள் பிரியவில்லை. அண்ணன் இல்லம் ஒரு மாநிலத்திலும் தங்கை இல்லம் மறு மாநிலத்திலுமாக இருப்பது இப்பகுதியில் வெகு இயல்பு.

இக்கிராமங்களில் ஓட்டுக் கூரைகள் பெரும்பாலும் கான்கிரீட் தளங்களாக மாறிவிட்டன. வளைகுடா நாடுகளில் உழைப்போர் அனுப்பும் பணம் இம்மாற்றத்தில் பெரும் பங்கு வகித்தது. இப்பொழுது அத்தளங்களின் மீது சூரிய மின்தகடுகள் ஏறி வருகின்றன. வாயிலில் கண்காணிப்புக் கேமரா, கைத்தொலைபேசியால் இயங்கும் விளக்கு விசைகள், இணையத்தோடு இணைந்த குளிர்சாதனம் ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. துபாயில் இருந்துகொண்டே ஊரிலுள்ள கிணற்று மோட்டாரை மகன் இயக்க, தாயார் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சும் காட்சியை இக்கட்டுரையாளர் நேரிற் கண்டதுண்டு. ஒரு தலைமுறைக்கு முன் இல்லத்தின் மின்சாதனங்கள் என்றால் நான்கு விளக்குகளும் இரண்டு மின்விசிறிகளுமே. இன்றோ அவற்றின் மதிப்பு சில லட்சங்களை எட்டிவிடுகிறது. அதிலும் பெரும்பகுதி கடனாகப் பெற்ற பணம். கடன் தீரும் முன்னரே சாதனம் அழிந்துபோனால் இழப்பு யாருடையது என்னும் வினாவைக் கடன் வாங்கும் நாளில் கேட்போர் மிகச் சிலரே.

மான்யமும் கடனும்

பிரதமரின் சூர்யகர் இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஒரு கோடி இல்லங்களின் கூரைகளில் சூரிய மின்சக்தி அமைப்பதற்கென ரூ. 75,021 கோடி மதிப்பீட்டில், 2026-27 நிதியாண்டு வரைக்குமாக இது வகுக்கப்பட்டது. இதன்படி முதல் இரண்டு கிலோவாட்டிற்குக் கிலோவாட் ஒன்றுக்கு ரூ. 30,000 வீதமும், மூன்றாவது கிலோவாட்டிற்கு ரூ. 18,000-மும் மான்யமாகக் கிடைக்கின்றன. மூன்று கிலோவாட்டிற்கு மேல் எவ்வளவு பெரிய அமைப்பாயினும் உச்சவரம்பு ரூ. 78,000 மட்டுமே. மூன்று கிலோவாட் அமைப்பு மாதத்திற்குச் சராசரியாக 300 அலகுகளுக்கு மேல் உற்பத்தி செய்யும் என்பது திட்டத்தின் கணக்கு. இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் கேரளத்தில் இது குறையும், கோடையில் ஈடுகட்டிக்கொள்ளும்.

எடுத்துக்காட்டாக, மூன்று கிலோவாட் அமைப்பின் விலை ரூ. 1,95,000 எனக் கொள்வோம். வங்கிகள் ஈட்டுப் பிணையின்றி வழங்கும் கடனில் பத்து சதவீதத்தை உரிமையாளர் கைப்பணமாகச் செலுத்த வேண்டும், அதாவது ரூ. 19,500. எஞ்சிய ரூ. 1,75,500 கடனாகிறது. பணி முடிந்து, மின்வாரியம் ஆய்வு செய்து, மான்யம் வந்து கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டால் நிலுவை ரூ. 97,500 ஆகக் குறையும். வட்டி 6 சதவீதம், காலம் பத்தாண்டு என வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 1,080. இக்கடனின் வட்டி ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தைத் தழுவிச் செல்வதால் இத்தொகை சற்று ஏறவோ இறங்கவோ கூடும். 2025 செப்டம்பர் 22 முதல் சூரிய மின்சாதனங்களின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும் வாங்குவோருக்கு ஓரளவு உதவியாயிற்று.

இம்முதலீடு எல்லோருக்கும் ஒரே அளவில் இலாபகரமானதன்று. கேரளத்தில் மாத நுகர்வு 250 அலகுகள் வரையிலும் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. அதைத் தாண்டினால் முழு நுகர்வுக்கும் உயர் விகிதமே விதிக்கப்படுகிறது. ஆகவே 250-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ செலவிடும் இல்லத்திற்குச் சூரிய மின்சக்தி பெருமளவு மிச்சம் தரும். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் இல்ல நுகர்வோருக்கு இரு மாதங்களுக்கு 100 அலகுகள் இலவசமாக அளிக்கப்படுகின்றன. சிறு நுகர்வோர் அங்கே அவசரப்படத் தேவையில்லை. மாதம் 80 அலகு செலவிடும் முதியோர் இருவர் மட்டும் வாழும் இல்லத்தில், மான்யம் கிடைக்கிறது என்பதற்காகவே மூன்று கிலோவாட் அமைப்பது சிக்கனமாகாது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கே நீக்கிவிடலாம். மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். பழுது நீக்கக் கம்பத்தில் ஏறும் தொழிலாளியின் உயிர்ப் பாதுகாப்பிற்காகவே இவ்வேற்பாடு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது குமரி மாவட்டமும் திருவனந்தபுரத்தின் தென்பகுதியும் இருளில் மூழ்கியதை நினைவுகூர்வோர், கூரையில் தகடு இருந்தால் அந்நாட்களில் விளக்கு எரியும் என எண்ணிவிடுகின்றனர். மின்கலத்துடன் கூடிய அமைப்பிற்கே அது இயலும். மின்கலத்தின் விலை தனி. அதற்கென மேற்கூறிய மான்யம் உயர்வதில்லை.

சிறு சாதனங்களுக்கு வேறு வழிகள் உள்ளன. கடைகள் "வட்டியில்லாத் தவணை" என விளம்பரம் செய்கின்றன. வட்டியே இல்லாத கடன் என ஒன்றில்லை, அது வேறு பெயரில் வசூலிக்கப்படுகிறது என்னும் கருத்தில் ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளின் பூஜ்ய வட்டித் திட்டங்களைத் தடுத்தது. தவணையில் வாங்குவோர், ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கக்கூடிய தள்ளுபடியையும், "செயலாக்கக் கட்டணம்" என்னும் பெயரில் பிடிக்கப்படும் தொகையையும் கேட்டறிந்து கூட்டிப்பார்த்தல் நன்று. கேரளத்தில் 1969 முதல் இயங்கிவரும் மாநில நிதி நிறுவனத்தின் சிட்டியில் சேர்ந்து பணம் எடுத்து வாங்குவோரும் உண்டு. அவசரமில்லாத பொருளுக்கு இது ஏற்ற வழி.

காப்பீடு எதனைக் காக்கிறது?

காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் ஆணைப்படி, தீக்காப்பீடு நடத்தும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் யாவும் 2021 ஏப்ரல் 1 முதல் "பாரத் கிருக ரக்ஷா" என்னும் ஒரே வாசகமுடைய இல்லக் காப்பீட்டை வழங்கி வருகின்றன. தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, மரம் விழுதல், வாகனம் மோதுதல் முதலியவற்றால் நேரும் இழப்பு இதில் அடங்கும். கட்டடத்தைக் காப்பீடு செய்தால், அத்தொகையின் 20 சதவீதம் வரை, ரூ. 10 லட்சத்திற்கு மேற்படாமல், வீட்டுப் பொருள்களும் தாமாகவே காப்பில் வந்துவிடுகின்றன. இருபது லட்சம் ரூபாய்க் கட்டடத்திற்கு நான்கு லட்சம் ரூபாய்ப் பொருள்கள் என்பது கணக்கு. நகை, கலைப்பொருள் போன்றவற்றைத் தனியே சேர்க்க வேண்டும்.

கூரையிலுள்ள சூரிய மின்தகடுகள் இக்காப்பீட்டில் கட்டடத்தின் பகுதியாகவே கொள்ளப்படுகின்றன. சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் போலவே அவற்றின் மதிப்பையும் விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். தகடு பொருத்துவதற்கு முன் எடுத்த காப்பீட்டை அப்படியே விட்டுவைத்திருப்போர் நிறுவனத்திற்கு எழுதி மதிப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். காப்பீட்டுத் தொகை என்பது மீண்டும் கட்டுவதற்காகும் செலவே. நிலத்தின் விலை அதில் சேராது. சென்ட் கணக்கில் நிலவிலை உயர்ந்து நிற்கும் இப்பகுதியில் பலர் இவ்விரண்டையும் கலந்து குழம்புகின்றனர். பிரீமியம் பெரிதன்று. இருபது லட்சம் ரூபாய் மதிப்புள்ள சாதாரண இல்லத்திற்கு ஓராண்டுப் பிரீமியம், அவ்வில்லத்தில் வாங்கும் நாளிதழின் ஓராண்டுச் செலவை எட்டுவதில்லை.

திருட்டைப் பொறுத்தமட்டில் கவனம் தேவை. மேற்கூறிய புயல், வெள்ளம், தீ போன்ற நிகழ்ச்சியின் விளைவாக, அதிலிருந்து ஏழு நாட்களுக்குள் நிகழும் திருட்டு மட்டுமே இந்த அடிப்படைக் காப்பில் அடங்கும். சாதாரண நாளில் வாயிற் கேமராவையே கழற்றிச் சென்றால் அதற்கு இழப்பீடு இல்லை. களவுக் காப்பீடு தனியே எடுக்க வேண்டும். குடும்பம் முழுவதும் வெளிநாட்டில் இருக்க, இல்லம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடப்பதை நிறுவனம் எவ்வாறு கொள்ளும் என்பதையும் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டறிதல் வேண்டும்.

"மின்னல் உட்பட"

இப்பகுதியின் முதன்மையான ஆபத்து வெள்ளமுமன்று, களவுமன்று. அகத்தியமலைத் தொடரின் அடிவாரத்தை ஒட்டிய நெய்யாற்றின்கரை வட்டத்தில் கோடைமழைக் காலமான ஏப்ரல், மே மாதங்களிலும், துலாவர்ஷம் எனப்படும் அக்டோபர், நவம்பர் மழையிலும் பிற்பகல் தொடங்கி இரவு வரை இடியும் மின்னலும் கடுமையாக இருக்கும். கேரள அரசு மின்னலை மாநிலத்திற்கே உரிய பேரிடர்களுள் ஒன்றாக வைத்துள்ளது. மின்கம்பிகள் ரப்பர்த் தோட்டங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் இடையே நெடுந்தூரம் செல்கின்றன. தொலைவில் எங்கோ கம்பியருகே விழுந்த மின்னலும் கணநேர மிகை மின்னழுத்தமாக இல்லத்தினுள் பாய்ந்துவிடும். பழைய குண்டு விளக்கு அதனை ஓரளவு தாங்கிற்று. மிக நுண்ணிய மின்னணுச் சில்லுகளால் இயங்கும் இன்வர்ட்டரும் கேமராவும் தாங்குவதில்லை. கண்ணாடியிழை வழியே வரும் இணையத்தில் மின்னல் ஏறாது என்பது உண்மையே. எனினும் அக்கருவியும் சுவரிலுள்ள அதே மின்செருகியில்தான் இணைந்துள்ளது.

உதியன்குளங்கரைக்கு அருகிலுள்ள இக்கட்டுரையாளரின் குடும்ப இல்லத்தில் சில ஆண்டுகளுக்கு முன் துலாவர்ஷ மாலையொன்றில் கிணற்றோரத் தென்னையில் மின்னல் விழுந்தது. மரம் கருகிற்று, கிணற்றறையின் சுவர் வெடித்தது, சூரிய இன்வர்ட்டரும், மோட்டாரை இயக்கும் தொலைவிசையும், இரு கேமராக்களும் அடங்கிவிட்டன. காப்பீடு இருந்தது, மின்னல் அதில் அடங்கும் என்பதும் அச்சிடப்பட்டிருந்தது. மதிப்பீட்டாளர் வந்து, எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார். சுவருக்கான இழப்பீடு சில வாரங்களில் வந்தது. மின்சாதனங்களுக்கு ஒரு ரூபாயும் வரவில்லை.

நிறுவனம் ஏமாற்றியதாகக் கூற இயலாது. விலக்குகளின் பட்டியலில், மின்சாதனம் அல்லது மின்னணுச் சாதனம் மிகை மின்னழுத்தம், ஷார்ட் சர்க்யூட், மின்பொறி, தானே சூடேறுதல், மின்கசிவு ஆகியவற்றால் கெட்டால், காரணம் எதுவாயினும், மின்னல் உட்பட, அச்சாதனத்திற்கு இழப்பீடு இல்லை என்னும் பொருள்பட ஒரு விதி உள்ளது. அவ்விரண்டு சொற்களும் அடைப்புக்குறிக்குள் அடங்கிக் கிடப்பதால் கண்ணிற் படுவதில்லை. பொருளியல் பயின்று, முப்பதாண்டு அரசுக் கோப்புகளைப் படித்துப் பழகியவனும் அதைப் பார்க்கத் தவறினான் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

விதியின் எல்லையைச் சரியாகப் புரிந்துகொள்ளுதல் அவசியம். விலக்கு, கெட்டுப்போன அந்தச் சாதனத்திற்கு மட்டுமே. மிகை மின்னழுத்தத்தால் இன்வர்ட்டர் தீப்பற்றி, அத்தீ அலமாரிக்கும் கூரைக்கும் பரவினால், அலமாரிக்கும் கூரைக்கும் இழப்பீடு உண்டு, இன்வர்ட்டருக்கு இல்லை. மின்னல் நேரே கூரையில் இறங்கித் தகட்டின் கண்ணாடியைப் பிளந்தால் அதனை மின்னலின் நேரடிச் சேதமெனக் கோர இடமுண்டு. கம்பி வழியே வந்த மிகை மின்னழுத்தத்தில் அதே தகட்டின் உட்பகுதி கருகினால் கோருவது கடினம். இயற்கை ஒன்றே, வந்த வழி வேறாகும்போது முடிவும் வேறாகிறது.

இவ்விலக்கு புதிதாகப் புகுத்தப்பட்டதன்று. 2001-ஆம் ஆண்டின் அகில இந்தியத் தீக்காப்பீட்டு விகித நூலில் இருந்த பொதுவாசகத்திலேயே இது காணப்படுகிறது. தீக்காப்பீடு தீயையும் இயற்கைச் சீற்றத்தையும் காக்கவே ஏற்பட்டது. இயந்திரக் கோளாற்றுக்கு இயந்திரக் காப்பீடு வேறு உண்டு என்பது அதன் பின்னுள்ள தருக்கம். தொழிற்சாலையைப் பொறுத்தவரை அது செம்மையான தருக்கமே, ஏனெனில் தொழிற்சாலை இரண்டையும் எடுக்கும். இல்லத்திற்கோ ஒன்றையே விற்கிறோம். அந்த ஒன்றின் பெயரும் "இல்லப் பாதுகாப்பு".

உற்பத்தியாளரின் உத்தரவாதமும் இவ்விடத்தில் உதவுவதில்லை. இன்வர்ட்டருக்கு அளிக்கப்படும் உத்தரவாதம் பொதுவாகத் தயாரிப்புக் குறைபாட்டிற்கே. மின்னலும் மிகை மின்னழுத்தமும் அதில் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். சூர்யகர் திட்டத்தில் அமைப்பாளர் அளிக்க வேண்டிய ஐந்தாண்டுப் பராமரிப்பும் இழப்பீடு ஆகாது. வங்கியின் கடன் ஒப்பந்தமோ சாதனம் ஓடுகிறதா நின்றுவிட்டதா எனக் கேட்பதில்லை. இன்வர்ட்டர் ஒன்றை மாற்ற ரூ. 35,000 ஆகும் எனக் கொண்டால், அது மேற்காட்டிய கடனில் 32 மாதத் தவணைக்குச் சமம். அம்மாதங்களில் உரிமையாளர் தவணையையும் கட்டுகிறார், புதிய இன்வர்ட்டர் வரும்வரை முழு மின்கட்டணத்தையும் கட்டுகிறார்.

இடைவெளியை நிரப்பும் வழிகள்

முதலாவது வழி காப்பீடு சாராதது. சூரிய அமைப்பிற்கு மூன்று தனித்தனி எர்த்துக் குழிகள் தேவை: மின்னல் கடத்திக்கு ஒன்று, தகட்டிலிருந்து வரும் நேர்மின்னோட்டப் பகுதிக்கு ஒன்று, இல்லத்தின் மாறுமின்னோட்டப் பகுதிக்கு ஒன்று. செலவைக் குறைக்கும் பொருட்டு மூன்றையும் ஒரே குழியில் இணைத்துவிடும் அமைப்பாளர்கள் உள்ளனர். அவ்வாறு செய்யின் கடத்தி பிடித்த மின்னல் நேராக இன்வர்ட்டருக்குச் செல்ல வழி திறந்துவிட்டதாகும். செம்மண்ணும் பாறையும் கலந்த மேட்டு நிலங்களில் கோடையில் எர்த்தின் மின்தடை உயர்ந்துவிடும். ஆண்டுக்கொருமுறை அளந்து பார்த்தல் வேண்டும். மிகை மின்னழுத்தத்தை மண்ணுக்குத் திருப்பிவிடும் பாதுகாப்புக் கருவியை இருபுறமும் பொருத்தச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஒரு பெரிய மின்னலைத் தாங்கியபின் அக்கருவி பயனற்றுப் போகலாம். அதிலுள்ள பச்சை அடையாளம் சிவப்பாக மாறியிருக்கிறதா என அவ்வப்போது பார்க்க வேண்டும். ஏமாற்றமளித்த அந்த மாலையில் எங்கள் இல்லத்தில் இருந்தது ஒரே குழி.

இரண்டாவது வழி துணைக்காப்பு. இல்லத்தாருக்கான தொகுப்புக் காப்பீடுகளில் வீட்டுச் சாதனங்களின் மின்கோளாறு, இயந்திரக் கோளாறு ஆகியவற்றிற்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. மின்னணுச் சாதனக் காப்பீடு எனத் தனியே ஒன்றும் உண்டு. இவற்றில் பிரீமியம் கூடுதல். சாதனத்தின் வயதுக்கு வரம்பு இருக்கும், தேய்மானம் கழிக்கப்படலாம், ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் ஒரு பகுதியை உரிமையாளரே ஏற்க வேண்டியிருக்கும். இரண்டாயிரம் ரூபாய்த் தொலைவிசைக்கு இக்காப்பு பயன்படாது. இன்வர்ட்டர், மின்கலம், குளிர்சாதனம் என விலை மிகுந்த மூன்று நான்கு பொருள்களை மட்டும், வாங்கிய பட்டியலும் வரிசை எண்ணும் குறித்துச் சேர்ப்பதே அறிவுடைமை. முகவரிடம் கேட்க வேண்டிய வினா ஒன்றே: "கம்பி வழி வரும் மின்னலால் இன்வர்ட்டர் எரிந்தால், எந்தப் பிரிவின்கீழ் பணம் தருவீர்கள்?" விடையை எழுத்தில் பெற வேண்டும். ஒப்பந்தம் ஆங்கிலத்திலும், மின்வாரியத் தாள்கள் மலையாளத்திலும் இருக்கும் இக்கிராமங்களில், தமிழ் மட்டும் படித்த மூத்தோர் அதனைத் தமிழில் விளக்குமாறு கேட்பதற்குத் தயங்கக் கூடாது.

கடன் வழங்கும் அதிகாரிகளுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. சில வங்கிகள் சாதனத்திற்குக் காப்பீடு எடுக்குமாறு கோருகின்றன. கோரிக்கை நேர்ந்தால் பணம் முதலில் கடனுக்கே செல்லும் வகையில் வங்கியின் பெயரும் அதில் சேர்க்கப்படுகிறது. வங்கியின் பெயர் இருப்பதைச் சரிபார்ப்பவர்கள், மின்சாதன விலக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் சரிபார்த்தால் தம் கடனையும் காத்துக்கொண்டவர் ஆவர். நாடெங்கும் ஒரு கோடிக் கூரைகளில் மின்நிலையம் அமைக்க முனைந்துள்ள இக்காலத்தில், மிகை மின்னழுத்தத்திற்கான சிறு துணைக்காப்பை இல்லக் காப்பீட்டின் பொது வாசகத்திலேயே விருப்பத் தேர்வாகச் சேர்ப்பது பற்றி ஒழுங்குமுறை ஆணையம் ஆராய்வது பொருத்தமாகும்.

பெயர்களின் பொருத்தமின்மை இப்பகுதியில் அடிக்கடி இடர் விளைவிக்கிறது. மின்இணைப்பு மறைந்த தந்தையின் பெயரில் இருக்கும்; பத்திரம் தாயாரின் பெயரில்; கடன் ஊரிலிருக்கும் மகளின் பெயரில்; பணம் அனுப்புவது வெளிநாட்டிலுள்ள மகன். மான்யமும் இழப்பீடும் தாள்களைப் பார்த்தே வருவன. மின்இணைப்பின் பெயர் மாற்றத்தை மான்ய விண்ணப்பத்திற்கு முன்னரே முடித்துவிடுதல் நலம்.

இழப்பு நேர்ந்தால், எரிந்த சாதனத்தைக் கழற்றி எறியாமல் மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். படம் எடுத்து, நேரம் குறித்து, நிறுவனத்திற்கு உடனே அறிவிக்க வேண்டும். அவ்வேளையில் மின்தடை நிகழ்ந்ததென மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் புகாரும் பதிவாகியிருந்தால் அதன் எண் நல்ல சான்றாகும். கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்திற்குள் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டிற்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2023 நவம்பரில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி ரூ. 50 லட்சம் வரையிலான இழப்பீட்டை வழங்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. பாறசாலை இல்லத்தார் கொச்சியிலுள்ள அலுவலகத்திற்கும், ஒரு கல்லெறி தூரத்திலுள்ள களியக்காவிளை இல்லத்தார் சென்னையிலுள்ள அலுவலகத்திற்கும் எழுத வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் கிளை எல்லைக்கு அப்பால் இருந்தால், அக்கிளை அமைந்துள்ள பகுதியின் அலுவலகத்திலும் முறையிட விதி இடமளிக்கிறது.